கேட் சாத்தி இருக்கு

ரூத்துக்கு நாற்பத்தோரு வயது. வீடு ராயபுரத்தில். வேலை தண்டையார்பேட்டை பக்கம் ஒரு ரயில்வே கேட்டில். ரயில் வருகிறது என்று ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்ததும் கேட்டைச் சாத்த வேண்டும், போனதும் திறக்க வேண்டும். பதினோரு வருடமாக இதுதான். டியூட்டியில் செல்போனைத் தொடக்கூடாது. அதனால் கேட் மூடியிருக்கும் நேரத்தில் எதிரே நிற்கிற ஜனங்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் மூடிய கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு ஆட்டோவில் கல்யாணப்பெண் இருந்தாள். முழு அலங்காரம். மடியில் பேப்பரை விரித்து பரோட்டா தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொந்தக்காரரும் இல்லை. ரூத் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கணவன் ஜெரியிடம் சொன்னாள்.

"பசிச்சிருக்கும்" என்றான் ஜெரி. அதோடு முடிந்தது.

ரூத்துக்கு அதோடு முடியவில்லை. ஏன் தனியாக வந்தாள், எங்கே போனாள்? மறுநாள் டியூட்டி முடிந்து ரயிலில் போகும்போது, போனிலேயே இலவசமாக ஒரு பிளாக் தொடங்கி அதை எட்டு வரியில் எழுதிவிட்டாள். பிளாக்குக்குப் பேர் கேட்டது. 'கேட் சாத்தி இருக்கு' என்று வைத்தாள். 'உங்களைப் பற்றி' என்று ஒரு கட்டம் வந்தது. எதற்காக எழுதுகிறேன் என்று அதில் போடலாம் என நினைத்து மூன்று தடவை எழுதி அழித்தாள். வண்ணாரப்பேட்டை தாண்டிவிட்டது, இறங்கவேண்டும். கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று எழுதினாள். தன் பேர் போடாமல், பார்த்ததை மட்டும். அடுத்த ஷிப்ட்டுக்கு வரும் பக்தவச்சலத்திடம் மட்டும் காட்டியிருந்தாள். அவர் ஒருநாள் கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம் எய்துற? துட்டு தர்றானா?"

"இல்லண்ணா."

"பின்ன யாரு படிக்கிறா?"

"நேத்து ஆறு பேரு. அதுல ரெண்டு நான்தான்."

பக்தவச்சலம் சிரித்தார். ரூத்தும் சிரித்தாள். ஆனால் ரயிலில் ஏறியதும் கேள்வி கூடவே வந்தது. டைரி என்றால் பீரோவில் வைத்துப் பூட்டலாமே. ஊருக்குத் தெரியவேண்டும் என்றால் பேரைப் போடலாமே. இரண்டும் இல்லாமல் இது என்ன?

ஆகஸ்டில் ஒரு மனிதரைப் பற்றி எழுதினாள். சைக்கிள் கேரியரில் பழைய வாஷ்பேசினைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் போனபோது ஒவ்வொரு பெட்டியாக விரல் நீட்டி, சத்தமாக எண்ணினார். 'சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஐம்பத்தெட்டு என்று முடித்தபோது, அந்தக் கிழிசல் வழியாக அவர் தோள் குலுங்கிச் சிரித்தது தெரிந்தது' என்று முடித்திருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள்.

ஒன்பதாம் நாள் அந்த மனிதரே கேட்டுக்கு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று ரூத் நினைத்தாள்.

"இத எய்துனது நீதானாம்மா?" என்று போனைக் காட்டினார்.

"ஆமாண்ணா. டூட்டில பேச முடியாது. ரெண்டு மணிக்கு முடியும்."

அவர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் இரண்டு கூட்ஸ் போயின. இரண்டையும் எண்ணினார்.

அவர் பேர் பரசுராமன், வியாசர்பாடி, பிளம்பர். அந்தக் குரூப்பிலிருந்து எங்கெங்கோ சுற்றி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவர் மகள் சங்கமித்ராவின் போனுக்கே அது போய்ச் சேர்ந்திருக்கிறது. சுண்டுவிரலையும் பெட்டி எண்ணுவதையும் படித்தவளுக்கு யாரென்று சொல்லவா வேண்டும்?

"கிழிஞ்ச சட்ட போட்டுகினு சுத்துறியா நைனா, நான் அனுப்புறதுலாம் எங்க போவுதுன்னு ஒரே அழுவ. பொய் எய்தலம்மா நீ. கிழிஞ்சிதான் இருந்துச்சு. ஆனா ஏன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

ரூத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். கேட்டிருக்கலாம். "இப்பவே அழிச்சிடறேண்ணா" என்று போனை எடுத்தாள்.

"அழிக்காத. மீதியையும் எய்து."

"மீதி இன்னாண்ணா?" என்று கேட்டாள். கேட்கும்போதே பயம் போய், தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது.

அவர் மனைவி வரலட்சுமிக்கு முட்டியில் ஆபரேஷன். குனிந்து கீழ்க்குழாயில் முகம் கழுவ முடியவில்லை. திருவொற்றியூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், மாடியிலிருந்து பேசினைத் தோளில் வைத்து இறக்கினார். ஆணி மாட்டி அப்போதுதான் கிழிந்தது. மகள் எடுத்துக்கொடுத்த சட்டைதான் அதுவும். பேசினை வீட்டுச் சுவரில் அவரே பூசி மாட்டிவிட்டார்.

அன்றிரவு ரூத் அதை எழுதினாள். உடனே போடவில்லை. மறுநாள் அவருக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "சிமெண்ட்டு வெச்சி பூசுனேன்னு போடாத. வெள்ள சிமெண்ட்டு." திருத்திவிட்டுப் போட்டாள். சாயங்காலம் சங்கமித்ரா அதன் கீழே, 'பேசின் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அம்மாவுக்கு எட்டுகிறதா?' என்று கேட்டிருந்தாள்.

ரூத்துக்கும் அது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜெரியோடு வியாசர்பாடிக்குப் போனாள். மூன்றாவது மாடி. பேசின் சரியான உயரத்தில்தான் இருந்தது. வரலட்சுமி குழாயைத் திறந்து கழுவியே காட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வராது. நீயே படி" என்றார்.

ரூத் படித்தாள். தன் எழுத்தை இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பது இதுதான் முதல் தடவை. ஆணி மாட்டிய இடத்தில் வரலட்சுமி நாக்கால் 'ச்சு' கொட்டினார். வெள்ளை சிமெண்ட்டில் சிரித்தார். முடித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரிதான். அன்னிக்கி நான் இவரோட போட்ட சண்டைய எய்தலியே?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று பரசுராமன் எழுந்து டீ வாங்கப் போனார்.

ரூத் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னா சண்டக்கா?"