தாராளத்தின் இடது கண்

உங்கள் இடது கண்ணுக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வலது கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சொல்லும் பதில் செல்லாது. இடது கண் மட்டும், தன்னந்தனியாக, எதிர்ச் சுவரில் இருப்பதை எவ்வளவு தெளிவாகப் பார்க்கிறது? பலருக்கும் தெரியாது. நான் சொல்லப்போகும் பேருந்து டிரைவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவர் வருடம் தவறாமல் கண் பரிசோதனையில் தேறியவர்.

பணிமனையில் அவரைத் ‘தாராளம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைச்செலவில் தாராளம் கிடையாது; டீ குடித்துவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிற ஆள். ஆனால் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தும்போது நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அப்படித் தாராளமாக இடம் விடுவார். வயதானவர்கள் முதலில் சாலையில் இறங்கி, அப்புறம் நடைபாதையில் ஏற வேண்டும்.

அவருடைய வண்டியின் கண்டக்டர் ஒரு பெண். விசில் கெட்டுப்போன ஒரு நாளில் இரண்டு விரலை வாயில் வைத்து அவர் ஊதிய ஊதலில் அடுத்த தெருப் பேருந்தும் நின்றுவிட்டதாகப் பேச்சு. அன்றிலிருந்து அவருக்கு ‘விசில்’ என்று பெயர்.

“அண்ணே, ஸ்டாப்புல நிறுத்தச் சொன்னா நடு ரோட்டுல நிறுத்துறீங்க. இடையில ஒரு ஆட்டோவே பூந்து போகுது பாருங்க!”

“போகட்டும்மா. அவனும் பிழைக்கணும்ல?”

வண்டி முழுக்கச் சிரிக்கும். இப்படி இரண்டு வருடம் சிரித்தார்கள். அதற்கு முன்பு இதே மனிதர் நடைபாதை ஓரத்தை டயர் முத்தமிடுகிற மாதிரி வந்து நிற்பவர். அப்படிப்பட்டவர் ஏன் திடீரென்று விலகி நிற்க ஆரம்பித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காரணம் தேடுவதை விடப் பட்டப்பெயர் வைப்பது சுலபமாயிற்றே.

அவருடைய மனைவி மட்டும் கேட்டார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவர். ஊசியில் நூல் கோக்கிற பெண்ணுக்குக் கண்ணின் அருமை தெரியாதா?

“ஏங்க, டம்ளர் இங்க இருக்கு, நீங்க மேசைக்கு டீ ஊத்துறீங்க. கண்ணைப் போய்க் காட்டிட்டு வாங்களேன்.”

“என் கண்ணுக்கு என்ன? கம்பெனியே பாஸ் போட்டிருக்கு.”

அந்தப் பாஸின் கதை இதுதான். பணிமனை ஓய்வறையில், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரே ஆணியில் வருடக்கணக்காக ஒரே எழுத்து அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஓய்வறையில் தலை சீவிக்கொண்டே எல்லோரும் அதைப் படித்தார்கள். கடைசி வரி ஒவ்வொரு டிரைவருக்கும் மனப்பாடம். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கு வழித்தடத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே அந்த வரியைச் சொல்லிக் கொடுத்தார்கள். பரிசோதனை நாளில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பிப்பார்கள். சிலர் கெத்துக்காகப் பின்னாலிருந்து முன்னாலும் ஒப்பித்தார்கள்.

ஏமாற்றுக்காரர்கள் என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். முன்பு ஒரு டிரைவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: “கடைசி ரெண்டு வரி தெரியல சார்.” அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மூக்குக்கண்ணாடி. நிர்வாகம் கொடுத்தது வீட்டுக்குப் போகும் உத்தரவு. உண்மை சொன்னவனைத் தெருவில் நிறுத்தினால் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? பொய்யை மனப்பாடம் செய்வார்கள். நோயைக் கண்டுபிடிக்க உண்டான பரிசோதனையை ஆளைக் கழித்துக்கட்டும் பொறியாக மாற்றியது நிர்வாகம். எலிகள் பொறியைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன. அந்த எலிகளை நம்பித்தான் ஊர் தினமும் பேருந்து ஏறியது.

ஒருநாள் மாலை, இடப்பக்கமாக ஒட்டி வந்த சைக்கிள்காரரைத் தாராளம் பார்க்கவே இல்லை. விசில் ஊதிய ஊதலில் பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார். அன்று மட்டும் வண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் பரிசோதனை. இந்த முறை வந்தவர் புதியவர். தோளில் பெரிய பையோடு ஓர் இளம்பெண். வந்தவுடன் பழைய அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். அழுக்கேறி, ஓரம் சுருண்டிருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து புதியதை எடுக்கக் குனிந்தார். அதற்குள் தாராளம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். வண்டிக்கு நேரமாகிவிட்டது, யாரும் கேட்பதற்கு முன்பே கடைசி வரியை மூச்சு விடாமல் ஒப்பித்தார்.



“சார்,” என்றார் பரிசோதகர், கையில் சுருட்டிய புது அட்டையோடு. “நான் இன்னும் அட்டையையே மாட்டலையே.”

சிரிப்பு வெடித்தது. “வெறும் சுவரைப் படிச்ச மகான் நீங்கதாண்ணே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். தாராளமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். வலது கண் சுவரைப் பார்த்தது. அட்டை இருந்த இடத்தில் சுவர் மங்காமல், செவ்வகமாக வெள்ளையாக இருந்தது. மறுபடியும் வலது கண்ணைப் பொத்தினார். வெள்ளையாக ஏதோ ஒன்று. அது அட்டையா சுவரா என்று அவருடைய இடது கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

புது அட்டையில் இடது கண் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் படித்தது. வலது கண் கீழே இரண்டு வரிகளை விட்டுவிட்டது.

“சர்க்கரை இருக்கா சார்?”

“இருக்கும்மா. மாத்திரை போடுறேன்.”

“கண்ணுல சொட்டு மருந்து விட்டு, உள்ள பார்த்திருக்காங்களா?”

“உள்ளயா? கண்ணுக்கு உள்ள என்னம்மா இருக்கு?”

பரிசோதகர் பொறுமையாகச் சொன்னார். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. சர்க்கரை அதிலுள்ள ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அவை கசியும். வலி இருக்காது. ஒரு கண் மங்கினால் மற்றது ஈடுகட்டிவிடும். ஆளுக்குத் தெரியவே தெரியாது. வெளியே அட்டையைப் படிக்க வைத்தால் மட்டும் போதாது, வருடத்துக்கு ஒருமுறை உள்ளேயும் பார்க்க வேண்டும்.

தாராளம் குரலைத் தாழ்த்தினார். “இந்த ஒரு தடவை பாஸ் போட்டுடும்மா. வேலை போயிடும்.”

“அந்த வண்டியில எங்கம்மா ஏறுவாங்க சார். பாஸ் போட மாட்டேன். ஆனா ஒண்ணு கேளுங்க. உங்க பார்வை போயிடல. போகப் பார்க்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா வலது கண்ணை முழுசா காப்பாத்தலாம். இடதையும் ஓரளவு மீட்கலாம். இன்னும் ஒரு வருஷம் ஒப்பிச்சுக்கிட்டிருந்தா என்னால எதுவும் சொல்ல முடியாது.”

வாசலில் நின்றிருந்த மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கண்ணு தெரியாதவங்களை வெச்சு நான் என்ன பண்றது? சீருடையை ஒப்படைச்சிட்டுக் கிளம்பச் சொல்லுங்க. அடுத்த ஆள் வாங்க.”

அடுத்து உட்கார்ந்தவர் விறைப்பான மீசைக்காரர். இருபது வருடமாகக் கடைசி வரியைத் தலைகீழாக ஒப்பித்துப் பேர் வாங்கியவர். அட்டையைப் பார்த்தார். தாராளத்தைப் பார்த்தார்.

“நாலாவது வரிக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியலைம்மா,” என்றார்.

அதற்கடுத்தவர்: “எனக்கு ராத்திரியில எதிர்ல வர்ற லைட்டு பூவா விரியுது. இத்தனை நாள் சொல்லல.”

விசில் முன்னால் வந்து நின்றார். “எனக்குப் பக்கத்துல இருக்கிற சில்லறை தெரியல சார். கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன். கை பத்தல.”

ஒருவர் பின் ஒருவராக உண்மை சொன்னார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் தெரிகிறது என்றார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. பொய் சொல்ல மறுத்தார்கள், அவ்வளவுதான். மேலாளர் மனதுக்குள் மத்தியான வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். பாதி வண்டி பணிமனையை விட்டு நகரவில்லை.

“எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க சார்,” என்றார் விசில். “நீங்களே ஓட்டுங்க. நான் ஊதுறேன்.”

அன்று மாலையே தொழிற்சங்கத்துக்காரர்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். இழுபறியாகப் பல நாள் போயிற்று. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பரிசோதனையில் தேறாதவருக்குக் கண்ணாடியோ சிகிச்சையோ நிர்வாகம் ஏற்பாடு செய்யும். குணமாகும்வரை பணிமனைக்குள் வேறு வேலை. மருத்துவர் சரி என்றால் பழைய இருக்கை. மீசைக்காரர் உட்படப் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது வெறும் கண்ணாடி. ஒரு கண்ணாடிக்காக இத்தனை வருடப் பொய்!

தாராளத்துக்குக் கண்ணாடி மட்டும் போதவில்லை. அக்கம்பக்கத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. யாரோ இலைச்சாறு பிழிந்து விடச் சொன்னார். இன்னொருவர், பொறாமைக்காரர்கள் கண் பட்டிருக்கும் என்றார். தையல் மெஷினை நிறுத்தாமலே அவர் மனைவி பதில் சொன்னார்: “இவரைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கு? வாங்குற சம்பளமா, வழுக்கைத் தலையா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.”

ஊருக்கே வண்டி ஓட்டியவர், கண்ணில் ஊசி என்றதும் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள் என்று மருத்துவர் சொல்லியும் விடவில்லை. முடிந்து வெளியே வந்ததும், “இவ்வளவுதானா?” என்றார். பல மாதம் ஊசிகள், லேசர் சிகிச்சை. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. டீயில் இனிப்பு போனது. அதற்கு மட்டும் மனிதர் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் பணிமனையில் டயர்களுக்குக் காற்றுப் பார்த்தார்.

இடது கண் முழுவதுமாகத் திரும்பவில்லை. ஆனால் வண்டி ஓட்டத் தேவையான அளவுக்குத் திரும்பியது. வலது கண் தப்பியது.

மருத்துவர் அனுமதித்த பிறகு, ஒரு காலையில், புதுக் கண்ணாடியோடு மறுபடி இருக்கையில் ஏறினார். முதல் நிறுத்தம். வண்டி மெதுவாக ஓரம் கட்டி, நடைபாதையை உரசாமல், ஒட்டி நின்றது. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் படியிலிருந்து நேராக நடைபாதையில் காலை வைத்தார். குதிக்க வேண்டியிருக்கும் என்று பழக்கத்தில் தயாராக இருந்தவர், திரும்பி டிரைவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

விசில் எட்டிப் பார்த்தார். “ஒரு காகிதம்கூட நுழையாது போலிருக்கேண்ணே! இனிமே உங்களைக் ‘கஞ்சன்’னுதான் கூப்பிடணும்.”

“டீ வாங்கித் தராததால அப்பவே அப்படித்தானம்மா கூப்பிட்டிருக்கணும்,” என்று கியரைப் போட்டார் அவர்.

அவருக்கு வெறும் சுவர் காட்டிக் கொடுத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆகவே இதைப் படித்து முடித்த கையோடு வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருக்கும் நாட்காட்டியைப் படியுங்கள். பிறகு மற்றதைப் பொத்திப் படியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஏமாறாதீர்கள்; உள்ளே இருப்பதை உள்ளங்கை சொல்லாது. இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை இருந்தால் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வருடந்தோறும் கேளுங்கள். உங்கள் வேலையிடத்தில் பரிசோதனையில் தேறாதவரை விரட்டும் வழக்கம் இருந்தால், நாளைக் காலை முதல் ஆளாக எழுந்து, “எங்களுக்குக் கண்ணாடி கொடுங்கள்” என்று கேளுங்கள்.