மஞ்சள் வைத்த சட்டை

இங்கே பரிசுகளைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வண்ணக் காகிதம் சுற்றிய பொட்டலங்கள் மரத்தடியில் வந்து குவிந்துவிடுகின்றன. என் நாலு வயதுப் பேரன் கவின் தினமும் போய்த் தன் பொட்டலங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் கிழிக்காமல் திரும்பி வருகிறான். திண்டுக்கல்லில் நான் கண்டக்டர் வேலை முடிந்து கையில் ஒரு பையோடு வந்தால், என் பிள்ளைகள் அதை வாசலிலேயே பறித்துப் பிரித்துவிடுவார்கள். இவனுக்கு இத்தனை பொறுமை யார் கொடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மனைவி போனபின் மகள் கயல் என்னை நியூசிலாந்துக்கு அழைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை பென் இந்த ஊர்க்காரர். அவருடைய அம்மா ஜோன், எனக்குச் சம்பந்தி, ஒரு தெரு தள்ளி இருக்கிறார். இந்த முறை ஜோன் ஒரு சட்டம் போட்டார். பெரியவர்கள் கொடுக்கும் பரிசு இருபது டாலருக்குள் இருக்க வேண்டும், புதிதாக இருக்க வேண்டியதில்லை, மனசு இருந்தால் போதும். சொன்னபடியே, பென் சிறுவயதில் படித்த படப்புத்தகம் ஒன்றைக் கவினுக்கென்று ஜோன் எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் கிழிசல், நடுவில் டீக்கறை. நாளும் கிழமையுமாகப் பிள்ளைக்குப் பழைய சாமானா என்று எனக்குத் திக்கென்றது. வசதியான பெண்மணி வேறு. எங்கள் பக்கம் ஒரு சம்பந்தி இப்படிச் செய்தால் வருடக்கணக்கில் பேசுவார்கள்.

நான் புதுச் சட்டைதான் வாங்கினேன். இளநீலம், சட்டத்துக்குள் அடங்கும் விலை. தீபாவளித் துணியை என் மனைவி மஞ்சள் தொட்டு வைக்காமல் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கிறித்தவப் பெரியவரும் கிறிஸ்துமஸ் துணியைக் கையில் வைத்து ஜெபம் சொன்ன பிறகுதான் பிள்ளைகளிடம் நீட்டுவார். ஆகவே தயங்கவில்லை. அடுப்படியில் மஞ்சள்தூளைக் குழைத்து, காலரின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, "கவின் நல்லா இருக்கணும்" என்று சொன்னேன்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் நெரிசலுக்குள் நுழைந்து டிக்கெட் கிழித்த கைக்கு, அந்த ஒட்டுநாடாவும் வழவழத்த காகிதமும் வசப்படவில்லை. நான் படும் பாட்டைப் பார்த்த ஜோன், தானே சுற்றித் தருவதாகச் சொல்லிச் சட்டையைப் பையோடும் பில்லோடும் எடுத்துக்கொண்டு போனார்.

கிறிஸ்துமஸ் காலையில் கவின் பிரித்தான். பிரித்த கையோடு இரவு உடுப்பின்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு குதித்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது. கிட்டே இழுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. மறுபக்கம் பார்த்தேன். அங்கும் இல்லை. ஜோன் பக்கத்தில் வந்து என் கையைத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தேர் வாஸ் எ மார்க். ஐ சேஞ்ச்ட் இட். டோன்ட் வொரி" என்றார். கறை என்று நினைத்துக் கடையில் கொடுத்து வேறு சட்டை வாங்கி வந்திருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றிய நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. நான் "தேங்க் யூ" என்றேன். போதாதென்று இன்னொரு முறையும் சொன்னேன்.

பிறகு அவர் கவினை மடியில் வைத்துப் பழைய புத்தகத்தைப் புரட்டினார். டீக்கறை வந்ததும் நிறுத்தி, அது எந்த மழைநாளில் யார் சிந்தியது என்று கதை சொன்னார். பென்னுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோனின் கறைக்குக் கதை இருக்கிறது, என் கறை கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நானும் அவர் புத்தகத்தைப் பழைய சாமான் என்று நினைத்தவன்தானே.

அடுப்படியில் கயலிடம் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா?"

"மஞ்ச வைக்கிறதுக்கு யாரு சொல்லிட்டு வைப்பா?"

"இப்ப வேணா வச்சிருவமா?"

"போட்ட துணிக்கு வைக்கிறதில்லத்தா."

"நான் அவங்ககிட்டச் சொல்லவா?"

"வேணாம். நல்லது செஞ்சதா நெனச்சிருக்காக. கெடுக்காத."

மறுநாள் வடமதுரையில் இருக்கும் தங்கையிடம் போனில் சொன்னேன். அவள், "அப்ப அவன் போட்டுருக்கது ஒங்க சட்டையாண்ணே, அந்தம்மா சட்டையா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். குறைபாடுள்ள துணிகளைக் கழிவு விலைக்குப் போட்டிருக்கும் கூடையைக் கடைசிவரை கிளறினேன். "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்ட பெண்ணிடம் காலரைத் தொட்டுக் காட்டி, "யெல்லோ" என்றேன். அவள் மலர்ந்த முகத்தோடு மஞ்சள் சட்டைகள் தொங்கும் பக்கத்தைக் காட்டினாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

யாரோ மலிவாக வாங்கிப் போயிருக்கலாம். இந்த ஊரில் பெயர் தெரியாத ஒரு பிள்ளை என் மஞ்சளைக் காலரில் வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருக்கலாம். நல்லதா கெட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று, அந்தப் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கவின் பெயர்தான் வந்தது.