குழாய் வாயில் சந்தனம்

கிளேபாங் கடற்கரை ரோட்டில் எதிர்காற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? மீட்டர் அறுபது காட்டும், நெஞ்சில் எண்பது அடிக்கும். மீட்டருக்குச் சக்கரம் சுற்றுவதுதான் தெரியும். விமானத்துக்கு அந்தக் கணக்கே வேண்டாம். நெஞ்சில் அடிக்கும் காற்றுதான் வேண்டும். இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் அந்தக் காற்றை வாங்கி முள்ளை நகர்த்தும். அவ்வளவுதான் ஏர்ஸ்பீட். இது என் மண்டையில் ஏற ஒரு வருஷம் ஆனது. டிப்ளோமா வேறு படித்தவன்.

தனியாகப் பறக்க அனுமதி தரும் சோதனையில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவதுதான் கடைசி. அதுவும் போனால் செங் வட்டாரத் தொழிற்சாலையில் லைன் வேலை.

அன்று காலை அப்பா தான் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலேயே என்னைக் கொண்டுவந்து விட்டார். விமானத்தைச் சுற்றிவந்து சரிபார்த்து, குழாயின் உறையைக் கழற்றிவிட்டு, கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போனேன். திரும்பினால் அப்பா கையில் சந்தனக் கிண்ணம். விமானத்தின் மூக்கில் பெரிய பொட்டு.

"ஐயோ அப்பா, இது லோரி இல்லலா!"

"லோரிக்கே வைக்கிறோம், பறக்கிறதுக்கு வைக்க வேணாமா? போடா, பயப்படாம ஓட்டு."

சோதிக்கும் சார் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். தெங்கேராக்காரர், சிரிக்கவே மாட்டார். மறுபடி சுற்றிப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

ஓடுபாதையில் வேகம் எடுத்தேன். முள் அசைந்ததும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முள்ளைப் பார்க்காமலேயே மனப்பாடமாக ஒப்பித்தேன்.

"ஏர்ஸ்பீட் வந்திருச்சு சார்."

"எங்கடா வந்துச்சு?"

பார்த்தேன். பூஜ்யம்.

சார் எஞ்சினை அடக்கி பிரேக்கை மிதித்தார். இறங்கிப்போய்க் குழாய் வாயை விரலால் தடவி மோந்தார்.

"சந்தனம். யாரு வெச்சா?"

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்."

"வெச்சது கெடக்கட்டும். வராத முள்ள வந்திருச்சுன்னு சொன்ன பாரு! மேல போயிருந்தா ரெண்டு பேருக்கும் சங்குதான்."

"சார், ஒரே ஒரு வாட்டி சார். இப்பவே தொடைச்சிடறேன் சார். பிளீஸ் சார்..."

காலில் விழாத குறை. அவர் என் பேப்பரில் கோடு கிழித்துவிட்டு நடந்தார்.

லோரியில் அப்பா கேட்டார். "என்னடா, மேலயே போகல?"

"காத்து சரியில்லப்பா."

"பரவால்லலா. காத்து நல்லாகட்டும்."

அதிலிருந்து தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே நின்று மரங்களைப் பார்த்து, "இன்னிக்கி காத்து நல்லாத்தானே இருக்கு?" என்கிறார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

செங்கில் இப்போது ரெஸ்ட் டைம். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மணி பத்து இருபது. பத்தரைக்கு லைன் ஓடும்.