திருவிருந்துக்கு எழும்பாத ஞாயிறு

அறுபதுகளில் தாராவியில் எங்கள் தமிழ்ச் சபைக்குத் தகரக் கூரைதான். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; எழும்பிப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டும். மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக் கூடாது என்பது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்த பயம். எழும்பாமல் பெஞ்சிலேயே இருப்பவனைச் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோல் பட்டறையில் வேலை. பக்கத்து அறை அண்ணாச்சி மாட்டுங்காவில் ரயில்வே வேலைக்குப் போய்வந்தார். அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பரிமாறுவது அவர் மனைவி. மைனி என்றுதான் கூப்பிடுவேன். வாயில் குற்றமில்லை, கண்தான் சொன்னபடி கேட்கவில்லை. அவள் குனிந்து குழம்பு ஊற்றும்போது கழுத்து வியர்வையைப் பார்ப்பேன். தட்டைப் பார்த்துத் தின்னுடா நாயே என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாளும் பார்ப்பேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்பதற்கு மேல் என்னிடம் பேசியதும் கிடையாது.

குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஒரு மாதம் முதல் ஞாயிறு ஐயர் இச்சையைப் பற்றிப் பிரசங்கித்தார். தொட்டால்தான் பாவம் என்று நினைக்காதே, பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்றார். எனக்கு முதுகு நனைந்துவிட்டது. அன்று நான் எழும்பவில்லை. சாப்பாட்டுக்கும் போகவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி என் அறைக்கே வந்துவிட்டார். காய்ச்சலா, ஊரிலிருந்து ஏதும் கெட்ட கடுதாசியா என்று அன்பாகத்தான் கேட்டார். ஆமாம், காய்ச்சல் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் யாருக்கு விரோதமாகப் பாவம் செய்தோமோ அவரிடமே அறிக்கையிட வேண்டும் என்று ஊறிப்போன தலை இது.

"அண்ணாச்சி, மைனி விஷயத்துல நான் பாவம் பண்ணிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. நான் பதறிப்போய், மனதில்தான், பார்வையில்தான், மைனிக்கு ஒன்றுமே தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"மனசுல மட்டும்னா எதுக்குல திருவிருந்துக்குப் போகல?"

"மனசுல செஞ்சாலும் செஞ்சது செஞ்சதுதானே அண்ணாச்சி."

காலையில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்தேன். மடையன். அதற்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

அந்த வாரமே மைனியை ஊருக்கு அனுப்பிவிட்டார். டிரங்குப் பெட்டியோடு என் வாசலைக் கடக்கும்போது அவள் நின்றாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது.

"நான் ஒனக்குச் சோறுதான தம்பி போட்டேன்."

அவள் திரும்பி வரவேயில்லை. ஊரில் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, விசாரிக்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது, அந்த நாட்களில் என் மனது லேசாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நம்பினேன். அடுத்த முதல் ஞாயிறு எழும்பிப் போய் முழங்காலிட்டு அப்பம் வாங்கினேன். திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். அண்ணாச்சி எழும்பாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சபை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.