பட்டியலில் இல்லாத நாற்பது நிமிடம்

இன்னும் வெளிவராத ஒரு கைப்பேசிக்காக ஐந்து வாரம் காத்திருந்தேன். எனக்காக அல்ல, அம்மாவுக்காக.

அம்மாவுக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர். மாத்திரையில் அடங்காமல் இப்போது இன்சுலின் ஊசி. இடது கையின் மேற்புறத்தில் பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறார். அது சர்க்கரையின் அளவை எடுத்து, புளூடூத் வழியாக அவருடைய கைப்பேசிக்கு அனுப்பும். அளவு நான்கு மில்லிமோல் என்ற ஆபத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கைப்பேசி கத்தும். அதே எண் இணையம் வழியாக என் கைப்பேசிக்கும் வந்து சேரும்.

இதை வாங்கியதற்குக் காரணம், எங்கள் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம். அம்மா சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டருகே பெர்மாஸ் ஜெயாவில் கம்பெனி பஸ் ஏறுவார். ஊசி போட்டு, இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுக் கிளம்புவார். முழுதாகப் பசியாறுவது வேலையிடத்துக்குப் போன பிறகுதான். போன வருடம் ஒரு நாள் பாலத்தில் நெரிசல். பஸ் ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. அம்மா வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, முன் இருக்கையின் மேல் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அக்கா தன் பொட்டலக் காப்பியின் உறிஞ்சியை அம்மாவின் வாயில் வைத்துக் குடிக்க வைத்தார். நல்லவேளை, அந்த அக்கா காப்பியில் சீனி போட்டுக் குடிப்பவர்.

சென்சார் வந்த பிறகு அப்படி நடக்கவில்லை. ஆனால் அம்மாவின் கைப்பேசிக்கு ஐந்து வயது. அதில் இருந்த சென்சார் செயலி ஒரு நாள் அறிவிப்புக் கொடுத்தது: அடுத்த பதிப்பு இந்தக் கைப்பேசியில் இயங்காது.

நான் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எதையும் கட்டம் போட்டு எழுதாமல் எனக்கு யோசிக்க வராது. அடுத்த மாதம் நடுத்தர விலையில் புதிய கைப்பேசி ஒன்று வரப்போகிறது என்ற செய்தியைப் பார்த்ததும் மூன்று பத்திகள் போட்டேன். எதிர்பார்ப்பு, சந்தேகம், மலிவான மாற்று.

எதிர்பார்ப்பில் முதலில் எழுதியது பேட்டரி. இரண்டு நாள் தாங்கும் என்று கசிந்த தகவல்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லின. அதற்குக் கீழே புதிய தலைமுறை புளூடூத். சந்தேகத்தில், சிம் கார்டு போடும் இடத்தையே எடுத்துவிடுவார்கள் என்ற வதந்தி. அம்மாவிடம் நம் மலேசியக் கார்டு ஒன்று, சிங்கப்பூர் கார்டு ஒன்று. இரண்டும் கையால் தொடக்கூடிய கார்டாக இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. இன்னொரு சந்தேகம் இதைவிடப் பெரியது. சென்சார் கம்பெனி, எந்தெந்தக் கைப்பேசியில் தன் செயலி சரியாக இயங்கும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புதிய கைப்பேசி அதில் இடம்பெறச் சில மாதம்கூட ஆகலாம்.

மலிவான மாற்றில் இரண்டு இருந்தன. ஒன்று, அதே கம்பெனியின் போன வருடத்து மாடல். இன்னொன்று அதைவிட விலை குறைவு, ஆனால் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னால் ஓடும் செயலிகளைக் கேட்காமல் மூடிவிடும் என்று பலர் குறைப்பட்டிருந்தார்கள். மூடப்படுவது அலாரமாக இருந்தால்? அதை அடித்துவிட்டேன்.

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, மாப்பிள்ளைக்கு விசாரிக்கிற மாதிரி? குலம் கோத்திரம்லாம் எழுதியிருக்க."

"மாப்பிள்ளைய மாத்திக்கலாம்மா. இது அஞ்சு வருஷம் ஓடணும்."

"பேசாம அந்தப் பழைய மாடலயே வாங்கித் தாலா. சத்தம் போட்டா போதும் எனக்கு."

அது போதாது என்று நினைக்க என்னிடம் ஆதாரம் இருந்தது. அம்மாவின் செயலியில், சென்சாரோடு தொடர்பு அறுந்த நேரங்கள் பதிவாகும். மூன்று வாரப் பதிவைப் பார்த்தேன். வேலை நாட்களில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சராசரியாக நாற்பது நிமிடம். சில நாள் ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. சென்சார் அளவுகளைச் சேமித்து வைத்துப் பிறகு கொடுத்துவிடுவதால், வரைபடத்தில் விட்டுப்போன கோடு தானாக நிரம்பிவிடும். ஆனால் அறுந்திருக்கும் நேரத்தில் அலாரம் அடிக்காது.

நேரத்தை இடத்தோடு பொருத்தினேன். காலை ஆறு பத்து, பாலம். மாலையும் பாலம். அம்மா மயங்கிய அதே இடம்.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. பாலத்தில் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் நெருங்கி நிற்கின்றன, அலைவரிசை நெரிசலில் பழைய புளூடூத் தாக்குப்பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பட்டியலில் புளூடூத்தை முதல் வரிக்கு ஏற்றினேன். போன வருடத்து மாடலில் இருப்பது முந்தைய தலைமுறை. எனவே காத்திருக்க வேண்டும். அம்மாவின் பையில் மட்டும் ஒரு பிடி மிட்டாய் போட்டு வைத்தேன். காத்திருந்த ஐந்து வாரமும் அந்த நாற்பது நிமிடம் தினம் இரண்டு முறை வந்து போனது.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். அலைவரிசையை அளக்கும் செயலி ஒன்றை என் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, கடப்பிதழைக் காட்டி, மறுபடி ஏறினோம். பஸ் பாலத்தில் கால் வைத்தது. நான் அளக்கத் தொடங்கினேன்.

அப்போது பஸ் முழுக்க ஒரே அசைவு. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட கைப்பேசியை எடுத்தார்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்தார்கள், ஒரு தட்டு, மறுபடி மடியில் வைத்தார்கள். அம்மாவும். நான் அவருடைய திரையைப் பார்த்தேன். ஏரோப்ளேன் குறி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புளூடூத் குறி அணைந்திருந்தது.

"அம்மா, ஏம்மா ஏரோப்ளேன் போட்டீங்க?"

"பாலம் வந்துருச்சில்ல."

"வந்தா?"

"அது அந்தப் பக்கத்து லைன புடிச்சி காச தின்னும்டி. ஒரு தடவ இருபது வெள்ளி போச்சி. அங்க போய் சிங்கப்பூர் கார்டுக்கு மாத்துற வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் போடுவோம்."

"தினமுமா?"

"பின்ன? நீ சின்னப் புள்ளையா இருக்கறப்பலேருந்து போடுறேன்."

பின்னால் இருந்து பொட்டலக் காப்பி அக்கா தலையை நீட்டினார். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஏன், தப்பா?"

தப்பில்லை. நாங்கள் குடியிருக்கும் கரையோரத்தில்கூடக் கைப்பேசி சில சமயம் அக்கரை லைனுக்குத் தாவிவிடும். எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒரு தட்டு புளூடூத்தையும் சேர்த்து அணைக்கும் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பாலத்தில் அவர்கள் அந்தத் தட்டைத் தட்டுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"மூணு வாரமா இதத்தான் தேடிக்கிட்டிருக்கேன். ஏம்மா சொல்லல?"

"நீ எங்க என்னைக் கேட்ட? போனத்தான் கேட்டுக்கிட்டு இருந்த."

அக்கா சிரித்தார். நான் அளவெடுக்கும் செயலியை மூடினேன். பிறகு அம்மாவின் திரையை வாங்கி, ஏரோப்ளேன் குறி அப்படியே இருக்க, பக்கத்தில் அணைந்திருந்த புளூடூத்தை மட்டும் மறுபடி தட்டினேன். சில வினாடிகளில் எண் வந்தது. ஆறு புள்ளி இரண்டு. பாலத்தில், அலைவரிசை நெரிசலின் நடுவில், ஐந்து வயதுக் கைப்பேசியில்.

"இனிமே ரெண்டு தட்டு. ஏரோப்ளேன், அப்புறம் இது."

"தூக்கக் கலக்கத்துல ரெண்டாவது மறந்துட்டா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அன்று அம்மாவை வேலையிடத்தில் விட்டுத் திரும்பும் வழியில் பட்டியலைத் திறந்து ஒரு புதிய வரி சேர்த்தேன்: ஏரோப்ளேன் போட்ட பிறகும் புளூடூத் தானாக எரிய வேண்டும். கசிந்த தகவல்கள் எதிலும் இப்படி ஒரு வரி இல்லை. கேமராவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கைப்பேசிக் கடைக்குப் போனேன். போன வருடத்து மாடலைக் கையில் வாங்கி ஏரோப்ளேனைப் போட்டேன், புளூடூத்தைத் திரும்ப எரியவிட்டேன், ஏரோப்ளேனை எடுத்தேன், மறுபடி போட்டேன். இந்த முறை புளூடூத் அணையவில்லை. ஒருமுறை செய்ததை நினைவில் வைத்திருந்தது. பத்து தடவை செய்து பார்த்தேன். கடைக்காரர் மலாயில், எங்கே பறக்கப் போகிறேன் என்று கேட்டார். நான் கார்டு இடத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு. சென்சார் கம்பெனியின் பட்டியலில் அந்த மாடல் இருந்தது. வாங்கிவிட்டேன்.

அன்று ராத்திரி அம்மா புதிய கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதத்தான நான் அப்பவே கேட்டேன்?"

"ஆமா."

"சரி, நல்லா சத்தமா வச்சி குடு."

பத்து நாள் கழித்துப் புதிய மாடல் வெளிவந்தது. வேலை இடைவேளையில் அறிவிப்பைப் படித்தேன். கார்டு இடத்தை எடுக்கவில்லை. பேட்டரி சொன்னபடியே. என் மூன்று பத்திகளையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கோப்பை மூடினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு ஐந்துக்கு அம்மாவின் எண் ஐந்து புள்ளி ஒன்று, அம்புக்குறி கீழ்நோக்கி. அதன் பிறகு என் திரையில் எதுவும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான், பாலத்தில் அவருக்கு இணையம் இருக்காது. நான் தொழிற்சாலைக்குப் போய்ச் சீருடை மாட்டி, ஓய்வறையில் கைப்பேசியை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆறரை. ஆறே முக்கால். சாலைச் செய்தியில் பாலம் சிவப்பாக இருந்தது. ஏழு.

ஏழு பன்னிரண்டுக்குக் கோடு மொத்தமாக வந்தது. ஆறு இருபத்திரண்டுக்கு மூன்று புள்ளி ஏழு வரை இறங்கியிருந்தது. அங்கிருந்து கொஞ்சம் தட்டையாக ஓடி, மெல்ல மேலே ஏறியிருந்தது. இப்போது ஆறு புள்ளி எட்டு.

பின்னாலேயே அம்மாவின் குரல் பதிவு. பஸ் இரைச்சலுக்கு நடுவே பேசினார்.

"அலமாக், இந்த போனு கத்துன கத்துல பஸ்ஸே எழுந்திருச்சி. மிட்டாய் தின்னுட்டேன், மூணு. அக்கா வேற காப்பிய நீட்டுறாங்க, வேணாம்னு சொல்லிட்டேன். நீ வேலையப் பாரு."