ஐஸ் வைத்த தொடைக்கறி

ஆட்டை அறுக்கும்போது அப்பா இருந்தார், கறிக்கடை மாமா இருந்தார். அம்மா இல்லை. அதை வளர்த்தவள், விடியும் முன்பே பூப்பறிக்கப் போய்விட்டாள். நானும் இல்லை. திண்டுக்கல்லில், கல்லூரி ஆய்வகத்தில் காத்திருந்தேன்.

எம்.எஸ்சி. முடிக்க ஒரு சோதனைதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் முடிவு தராவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தசை சர்க்கரையை உடைத்துச் சக்தியாக்குகிற வேகத்தை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது: பாஸ்போஃப்ரக்டோகைனேஸ். ஆட்டுத் தசையிலிருந்து அதை எடுத்து அளக்க வேண்டும். கடைக்கறி போதும் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"என்னைக்கு வெட்டுனதோ, எவன் கண்டான்? நம்ம ஆடு இருக்குல்ல."

முந்தின நாள் சாப்பிடும்போது அவருக்கு விளக்கினேன். "தொட்டி நெறஞ்சா தானா நிக்கிற மோட்டாரு மாதிரிப்பா. செல்லுல சக்தி நெறஞ்சா அடங்கிரும், கொறஞ்சா ஓடும். புளிப்பு ஏறுனாலும் அடங்கிரும்."

"நம்ம மோட்டார விட அறிவுள்ளதுதான். நம்மளது ரோட்டுல தண்ணி ஓடுனாலும் நிக்காது."

அம்மாகூடச் சிரித்தாள்.

அப்பா நிலக்கோட்டைப் பூ வேனில் வந்து இறங்கினார், தோளில் தெர்மாகோல் பெட்டி. திறந்தேன். வெளியூருக்கு மல்லிகை அனுப்புவது போலவே, கீழே ஐஸ், வாழையிலை, தொடைக்கறி, மேலேயும் ஐஸ்.

"ஒரு பொட்டு வெயில் படல அப்பு."

என் ஆய்வைப் பார்க்கிற மேடம் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னை. அறுத்தபின் புளிப்பேறும் தசையில் குளிரும் சேர்ந்தால் இந்த நொதி துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அளப்பதற்கு வேண்டிய துணை நொதி ஒரே குப்பிதான் இருந்தது, அதையும் ஊற்றிப் பார்த்தோம். நொதி வேலை செய்தால் கருவியில் எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை. பத்து நிமிடமும் அதே எண்ணை நோட்டில் எழுதினேன்.

வெளியே அப்பா நின்றிருந்தார். "எப்பிடி வந்துச்சு?"

"இதுக்கு ஐஸ் ஆகாதுப்பா."

"மோட்டாரு கதையெல்லாம் சொன்ன. இதச் சொல்லலியே."

சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கள் வீட்டில் கறியில் யாரும் ஐஸ் வைத்ததில்லை, அதனால் தோன்றவில்லை.

அன்று வீட்டில் கறிக்குழம்பு. சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் திண்டுக்கல் நாகல் நகர் கறிக்கடையில் சூடு ஆறாத கறி கால் கிலோ வாங்கி, மடியில் வைத்து ஆட்டோவில் போனேன். எண் இறங்கியது. செல்லின் சக்தியான ஏ.டி.பி. அதிகம் சேர்த்ததும் நின்றது, சக்தி தீர்ந்ததைக் காட்டும் ஏ.எம்.பி. விட்டதும் மறுபடி இறங்கியது. மேடம் கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சுப்பா."

"சரி, வச்சுர்றேன். தண்ணி பாயுது."

ஆட்டை உயிரோடு வியாபாரி கேட்ட விலைக்கும் மீதிக் கறியைக் கூறு போட்டு விற்றதற்கும் இடையில் நட்டமானது, புதுக் குப்பி, கால் கிலோ கறி, ஆட்டோ: எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.