குவேசாரை யோசித்தபடி சாம்பியன் ரீஃப் வரை

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலுக்குப் போனேன். ஆய்வு வேலை ஓடவில்லை, அதுதான் காரணம். பெங்களூரில் வானியற்பியல் படிக்கிறேன். நான்கு வருடமாக ஒரே ஒரு குவேசார்தான் என் உலகம். தொலைதூரத்தில் ஒரு ராட்சதக் கருந்துளை; அங்கிருந்து ஒரு தாரை நம்மை நோக்கிப் பீய்ச்சியடிக்கிறது. அந்தத் தாரையில் காமா கதிர்கள் பிறப்பது எந்த இடத்தில்? கதிர் சட்டுச் சட்டென்று மினுக்குவதால், கருந்துளைக்குப் பக்கத்தில் சின்ன இடம் என்றது ஒரு கணக்கு. பக்கத்தில் என்றால் அங்குள்ள ஒளியே கதிரை விழுங்கியிருக்குமே, ஒளியாண்டுகள் தள்ளித்தான் என்றது இன்னொன்று. மறுநாள் என் ஆய்வு வழிகாட்டிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'பக்கத்தில்' என்று எழுதிவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும்.

தங்கவயல் எதற்கு என்றால், அறுபதுகளில் இங்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், நியூட்ரினோக்களைப் பிடித்தார்கள். எதையும் துளைத்துப் போகும் துகள் அது. தாரையில் வேலை செய்வது புரோட்டான்கள் என்றால் காமா கதிரோடு நியூட்ரினோவும் கிளம்பும். என் குவேசாரிலிருந்து இதுவரை ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து தங்கவயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்துக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம்போல ஆனது. பங்காருபேட்டைக்கு அப்புறம் வெளியே பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் அதில் சாம்பல் மேகங்களாக மிதந்தன.

ஆட்டோ ஓட்டியவர் கமலா, நாற்பது வயதிருக்கும். "இன்னா மேடம், ஷாஃப்டா? உள்ள வுட மாட்டாங்க. தூரத்துல இருந்து காட்றேன், வாங்க."

மேட்டடியில் வண்டியை நிறுத்தினார். பனிக்குமேல், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் மட்டும் நின்றது. அவருடைய அப்பா இங்கேயே இருந்த இன்னொரு சுரங்கமான மைசூர் மைன்ஸில் வேலை பார்த்தவராம்.

"கீழ பாறை வெடிச்சா வூட்ல பாத்திரமெல்லாம் ஆடும். எந்த மைன்ஸ்னு தெரியாது. ஒரு தபா எங்கம்மா என்ன இட்டுக்கினு மைசூர் மைன்ஸுக்கு ஓடிச்சு. வெடிச்சது வேற எடம். அப்பா ஷிஃப்ட் முடிஞ்சி வேற வழியா வந்தா, வூடு காலி. அவரு எங்களத் தேடி ஓட்றாரு. கடசில பஜார்ல பாத்துக்கினாங்க. அம்மா அவரு சட்டயப் புடிச்சிக்கினு நின்னுச்சு."

காமா கதிர் பிறக்கும் இடத்தைத் தேடுகிறேன் என்று வரும் வழியில் அவரிடம் சொல்லியிருந்தேன். கதையை முடித்துவிட்டு அவர் கேட்டார்: "நீங்க தேட்றது? எந்த எடம்னு தெரிஞ்சிச்சா?"

"இல்லை," என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

போகிறவர்களுக்கு: குளிர்காலக் காலை நல்லது. சுரங்கத்துக்குள் அனுமதி கிடையாது. மேடுகளில் ஏறாதீர்கள், அந்த மண் நஞ்சு. ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். தமிழே போதும்.

திரும்பும் ரயிலில் வழிகாட்டிக்கு எழுதினேன்: 'இருக்கும் தரவை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, சார்.' பங்காருபேட்டையில் பதில் வந்தது: 'எனக்கும் அந்தச் சந்தேகம்தான். இன்னும் ஒரு வருடம் ஆகும், பரவாயில்லையா?'

பரவாயில்லை என்று அனுப்பிவிட்டுச் சாய்ந்துகொண்டேன். எதிர் இருக்கையில் ஒரு குடும்பமே தூங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தெல்லாமோ கிளம்பிய நியூட்ரினோக்கள் அவர்களையும் என்னையும் ரயிலையும் கடந்து, யாரையும் எழுப்பாமல் போய்க்கொண்டிருந்தன.